கிளி விரட்டிய பள்ளிக்கூடம்

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் தரையில் கிடந்தது. செல்லரித்த விட்டம் முறிந்து, பனையோலைக் கூரை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமையே விழுந்திருக்கிறது. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் வெளியே நின்றுகொண்டு, இன்றைக்கு லீவா என்ற ஒரே கேள்வியோடு என் முகத்தைப் பார்த்தார்கள்.

லீவு விட எனக்குத் துணிவில்லை. எளாவூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருந்த அந்த ஓராசிரியர் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முடிவு சொல்வார். ஆந்திரம் பிரிந்த பிறகு அந்தச் சாலையில் லாரிகள் கூடிப்போயின. எந்தத் தாயும் ஏழு வயதுப் பெண்ணை அதைக் கடக்க விடமாட்டாள். பையன்கள் போய்விடுவார்கள், என்னிடம் படித்த பதினோரு பெண்களும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் அப்படித்தான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஊரில் நிழல் என்று இருந்தது மாந்தோப்பு ஒன்றுதான். கரும்பலகையை இரண்டு பையன்கள் தலையில் வைத்துக்கொள்ள, எல்லோரும் அங்கே போனோம்.

இன்ஸ்பெக்டர் முன்னால் நடத்த நான் தேர்ந்தெடுத்திருந்த பாடம் இளவேனில். புத்தகத்தில் இருந்த தென்றலையும் குயிலையும் மலர்ச்சோலையையும் அழகான எழுத்தில் குறிப்பாக எழுதி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் இளவேனில் என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் வீடு எங்களுடையது. மாசி பங்குனி என்றால் அறுத்த வயலில் தாளும் புழுதியும்தான். நிழலை நாங்கள் நல்லதாக நினைத்ததில்லை. வரப்பில் மரம் ஓங்கினால் அந்த மூலையில் நெல் பதராகும் என்று அப்பா கிளைகளைக் கழித்துப்போடுவார். மரத்தடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது சோம்பேறிகளின் வேலை என்றே வளர்ந்தேன்.

அந்தத் தோப்பில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாங்கொழுந்து செம்பு நிறத்தில், நனைந்த துணிபோலத் துவண்டு தொங்கியது. நாலு நாளில் நிமிர்ந்து பச்சையாகிவிட்டது. பூங்கொத்துகளில் இருந்த தத்துப்பூச்சிகள் தேன்போல எதையோ சொட்டின, சிலேட்டெல்லாம் பிசுபிசுத்தது. வேலியோரத்துப் புங்க மரம் ஒரு வாரம் மொட்டையாக நின்றது. அடுத்த வாரம் எண்ணெய் தேய்த்த மாதிரி புது இலை. பிறகு பொரியைக் கொட்டியதுபோலப் பூ, பெண்களின் தலையில், பலகையின் மேல், என் வருகைப் பதிவேட்டின் மேல். என் பழைய குறிப்பைக் கிழித்துப்போட்டுவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

பங்குனி பிறந்ததும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த பழவேற்காட்டு பாய் வந்து சேர்ந்தார்.

"இன்னா டீச்சரம்மா இது? பிஞ்சு புடிக்கிற நேரம் பாத்து பசங்கள இட்டாந்து வுட்டுகீறே! ஒரு பையன் ஒரு கல்லு வுட்டா போதும், என் வருசமே பூடும்."

"என் பசங்க கல்லு எறிய மாட்டாங்க பாய்."

"கல்லு எறியாத பசங்கள நான் பாத்ததே இல்ல. நானே எறிஞ்சவன்தான்."

முன் வரிசையில் இருந்த பெண் எழுந்து, "டீச்சர், பாய் தொப்பி மேல தேன் சொட்டிக்கீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாய் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னும் கோபமாக, "மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடணும், ஆமா" என்றார்.

கெஞ்சியிருக்கலாம். எனக்குக் கெஞ்ச வராது. கண்ணில் நீர் முட்டியதைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று பலகைப் பக்கம் திரும்பி, "பதின்மூன்றாம் வாய்ப்பாடு! எல்லாரும் சேர்ந்து!" என்றேன்.

"ஓர் பதிமூணு பதிமூணு! ஈர் பதிமூணு இருபத்தாறு!"

முப்பத்திரண்டு தொண்டைகள். தலைக்கு மேலே மரமே கிளம்பியதுபோல ஒரு கிளிக்கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு எழும்பி எளாவூர்ப் பக்கம் பறந்தது. பாய் அண்ணாந்து பார்த்தார். அவருடைய காவல்காரர் காலையிலிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கிளிகள் அவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லச் சொல்லும்மா!"

பதினாலாம் வாய்ப்பாடு முடிந்தபோது தோப்பில் ஓர் அணில்கூட இல்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "காலையில எத்தினி மணிக்கு வருவீங்கோ?" என்று கேட்டார். ஏழு மணிக்கு வருவதென்று முடிவாயிற்று. "தெக்கு மூலையில கிளி ஜாஸ்தி. அஞ்சாங் கிளாச அங்க போடு, அவங்களுக்குத்தான் தொண்டை பெருசு" என்றார். தானாகக் கீழே விழுந்த பிஞ்சு பிள்ளைகளுக்கு.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு ரயிலடி வரைக்கும் கேட்டதாம். அதைக் கேட்டே வழி கண்டுபிடித்து வந்தவர், "இது பள்ளிக்கூடமா, சந்தையா? பாடம் அமைதியாக நடக்கவேண்டும்" என்றார். அடங்கினோம். நான் பாடத்தைத் தொடங்கினேன்.

"இளவேனில் வந்ததை எப்படித் தெரிந்துகொண்டோம்?"

"சிலேட்டு ஒட்டுது டீச்சர்."

"புங்கம்பூ காதுக்குள்ள வுழுந்துடுச்சு டீச்சர்."

முன் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "மாங்கொழுந்து மொதல்ல செவப்பா வருது. எங்க தம்பியும் பொறந்தப்ப செவப்பாத்தான் இருந்தான்."

"இப்போது பச்சையாகிவிட்டானா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவருக்கும் சிரிக்கத் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அந்த அமைதியில் கிளிகள் இறங்கிவிட்டன. கடித்த பிஞ்சு ஒன்று அவருடைய குறிப்பேட்டின் மேல் விழுந்தது. இன்னொன்று அவருக்காகப் போட்டிருந்த மேசைமேல். மரங்களுக்கு நடுவிலிருந்து பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஏன் அல்லாரும் கம்முனு கீறீங்கோ? கத்துங்கோ!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. கூரை விழுந்ததிலிருந்து கிளி ஒப்பந்தம் வரை உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடைசியில் பதினோரு பெண்களையும் லாரிச் சாலையையும் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். கூரை விழுந்த நாளிலிருந்து பெண்களில் ஒருத்திகூட ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

"பள்ளிக்கூடத்த மூடிடாதீங்கய்யா" என்றார் பாய். "எனக்கு மாங்கா பூடும்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பதினாறு தெரியுமா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். அவர்கள் கத்திய கத்தலில் கிளிகள் மட்டுமல்ல, அவருடைய சைக்கிளும் சாய்ந்தது என்று பிறகு ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பள்ளி இந்த ஊரிலேயே நடக்கலாம், விழுந்த கட்டடத்துக்கு ஓட்டுக்கூரை போடவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு, என்னிடம் படிக்கக் கொடுத்தார். இரண்டு முறை படித்தேன்.

அவர் போனதும் மரத்து வேரிலேயே உட்கார்ந்தேன். மூச்சு ஆழமாக உள்ளே போனது; ஒரு மாதமாக அரை மூச்சுதான் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. சும்மா சிரிப்பு வந்தது.

"டீச்சரம்மா, இன்னும் மூணு மணிகூட ஆவல" என்றார் பாய்.

"இன்னிக்கு உங்க ஆளு தகரம் தட்டட்டும் பாய்" என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன். வரப்பில் வரிசையாகப் போன பெண்களில் கடைசிப் பெண் திரும்பி, "நாளைக்கு எத்தினி மணிக்கு டீச்சர்?" என்றாள்.

"ஏழு மணிக்கு" என்றேன்.