முப்பத்திரண்டால் வகுக்காதவன்

மாஸ் என்றால் எங்கள் கத்தோலிக்க வீடுகளில் பூசை. ஞாயிற்றுக்கிழமை, முக்காடு, புரியாத லத்தீன். தபாலில் வந்த என் இங்கிலீஷ் பாடப் புத்தகம் அதே சொல்லை இரும்புக்கும் வைத்திருந்தது. இரும்புக்கு எடை உண்டு, சரி. எடைக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றால் யார் நம்புவது? அந்த ஒரு சொல்லால் இரண்டு தடவை பரீட்சையில் தவறினேன். மூன்றாவதுதான் கடைசி, அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். தேறினால் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஃபோர்மேன் ஆகலாம். இல்லாவிட்டால் சாகும்வரை எண்ணெய்க் கந்தலும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

வேலைக்காக அக்கரையில் பிறை ஊருக்குப் போகும் படகில்தான் ஒரு காலையில் அது பிடிபட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். படகின் பாரம் முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. ஆனாலும் மெதுவாக வந்து துறைமேடையில் இடித்தபோது அதன் கட்டைகள் முறிகிற மாதிரி அலறின. இதுதானா அந்தச் சனியன்! பூமியின் இழுப்பு அடிக் கணக்கில் முப்பத்திரண்டு; எடையை அந்த முப்பத்திரண்டால் வகுத்தால் மாஸ். சோறு தின்னும்போதும் "முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு" என்று முனகினேன்.

"பல்லையா எண்ணுறீங்க?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை பரீட்சை. நாலு டன் தண்டவாள வண்டி. வினாடிக்கு வினாடி நாலடி வேகம் குறைகிறது. பிரேக்கின் விசை என்ன? நாநான்கு பதினாறு. பதினாறு டன் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். மிச்ச மூன்று கணக்கும் அதே வேகத்தில் முடிந்தன. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

மறுநாள் நன்றி சொல்ல மனைவி மெழுகுவத்தியோடு கோயிலுக்கு அழைத்துப்போனாள். வாசலில் இங்கிலீஷ் பள்ளி வாத்தியார் ஒருவர் தம் மனைவியை அவசரப்படுத்தினார்.

"சீக்கிரம் வா லா, மாஸ் ஆரம்பிச்சிருச்சி!"

என் கால் அப்படியே நின்றுவிட்டது. வகுக்கவில்லை. முப்பத்திரண்டால் வகுத்தால் அரை டன்தான், நான் பதினாறு போட்டிருக்கிறேன். அந்த விசைக்கு வண்டி நிற்காது, நொறுங்கிப்போகும். நாலு கணக்கிலும் வகுக்கவில்லை. பூசை முழுவதும் மண்டியிட்டே கிடந்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, அந்தத் தாள் எரிந்து போகட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பூசை முடிந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள்.

"அந்த முப்பத்திரண்ட மறக்காம எழுதிட்டீங்கதானே?"

"எழுதிட்டேன்," என்றேன்.

அவள் போய் மெழுகுவத்தியை ஏற்றினாள்.