ஆட்டுத்தோல் மணந்த வீடு

போன கிழமை என் மகள் ஒரு மொறோக்கோத் தோல் இருக்கை வாங்கி வந்தாள். காலும் சாய்மனையும் இல்லாமல், பெரிய தலையணையை வட்டமாக உருட்டி வைத்ததுபோல ஒன்று. மேலே பட்டுநூலில் ஒரு நட்சத்திரம். "அப்பா, ஹாண்ட்மேட்" என்று பெருமையாகச் சொல்லிக் கூடத்தின் நடுவில் வைத்தாள். நான் குனிந்து அதை மணந்து பார்த்தேன். "என்னப்பா, நாய்க்குட்டி மாதிரி!" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். இந்த மணத்தைக் காட்டி ஒரு மனிதனை வீட்டைவிட்டுப் போகவைத்த கதையைப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஏழு பேர் இருந்தோம். சிவம் அண்ணை ஊரில் வாத்தியார். கனடாவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினாலும் வீட்டுக்குள் அவர் வாத்தியார்தான். யார் எப்போது சமைப்பது, யார் எவ்வளவு நேரம் குளிப்பது எல்லாம் அவர் போட்ட சட்டம். எனக்குப் பக்கத்து மெத்தை அன்ரனுடையது. மன்னார்க்காரன், வேதக்காரன். நித்திரையில் நான் அலட்டுவேன் என்று அவன் சொல்லுவான். அவன் விடும் குறட்டைக்கு அது பதில் என்று நான் சொல்லுவேன். அப்படி ஒரு சிநேகிதம்.

இரண்டு பேரும் ஒன்றாக வேலை தேடி அலைந்து, ஒன்றாகவே இத்ரீஸிடம் போய்ச் சேர்ந்தோம். இத்ரீஸ் மொறோக்கோவில் ஃபெஸ் நகரத்து ஆள். குவீன் வீதியில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால், என் மகள் வாங்கி வந்தது போன்ற இருக்கைகள் தைக்கும் அவருடைய பட்டறை இருந்தது. பதனிட்ட ஆட்டுத்தோல் ஃபெஸ்ஸிலிருந்து கட்டுக்கட்டாக வரும். கட்டைப் பிரித்தால் முதலில் வருவது மணம்தான். அங்கே புறா எச்சம் கரைத்த தொட்டியில் தோலை ஊறவைத்து, ஆட்கள் இறங்கிக் காலால் மிதிப்பார்களாம். மஞ்சள் தோலை மட்டும் தொட்டியில் போடாமல் கையால் தேய்த்துச் சாயம் ஏற்றுவார்களாம். இதையெல்லாம் இத்ரீஸ் உடைந்த ஆங்கிலத்திலும் கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவார். தகப்பனும் பாட்டனும் அந்தத் தொட்டிகளில் நின்றவர்கள். அதைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு முன்னுக்கு வரும். அப்படிப் பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு நான் எழுதிய கடிதங்களில் 'ஒஃபிஸ் வேலை' என்றிருக்கும். மாடி வீட்டில் 'பாக்கிங் வேலை' என்று சொல்லியிருந்தோம். அன்ரனையும் அப்படியே சொல்லச் சொன்னது நான்தான்.

முதல் கிழமையே இத்ரீஸ் அன்ரனின் கையைக் கவனித்துவிட்டார். என் தையல் கோழி கிளறியதுபோல இருக்கும். அன்ரன் குத்தூசியைப் பிடித்தால் ஓட்டைகள் அளந்து வைத்ததுபோல விழும். நட்சத்திரம் தைக்கும் வேலை அவனுக்கு. உள்ளே கழிவுப் பஞ்சு அடைக்கும் வேலை எனக்கு. எங்கே பழகினாய் என்று இத்ரீஸ் கேட்டபோது அவன் சிரித்தான். அன்றைக்கு ட்ராமில் வரும்போது மெதுவாக என்னிடம் சொன்னான்.

"அப்பா மன்னார் பஸ் ஸ்ராண்டடியிலை செருப்புத் தைச்சவர். நானும் கூட இருந்து தைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லாதை மச்சான்."

"சீ, நான் ஏன் சொல்லப் போறன்?" என்றேன்.

அது கோடை காலம். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் மணம் எங்களோடு வீட்டுக்கு வரத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அன்ரன் குளித்துக்கொண்டிருந்தான். சிவம் அண்ணை மூக்கைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடாப்பா உன்னிலை மணக்குது? செத்த ஆடு மாதிரி."

மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் எங்கள் வீட்டுப் படலைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"என்னிலை இல்லை அண்ணை. அவனிலைதான். நான் பக்கத்திலை படுக்கிறபடியால் ஒட்டுது." இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "உவன்ரை தேப்பனே செருப்புத் தைச்சவர்தானே."

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

அடுத்த நாள் சமையல்முறை அன்ரனுடையது. மன்னார்ப் பக்கத்து மீன்குழம்பு. அவனுடைய முறை வரும் நாளில் வெளியே போனவர்கள்கூட நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அன்று எல்லோரும் வந்திருந்தோம். ஒருவரும் கோப்பை எடுக்கவில்லை. சிவம் அண்ணை எழும்பிப் போய், ஆவி பறந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, குழம்பு முழுவதையும் குப்பைப் பையில் ஊற்றினார். பிறகு சட்டியையும் அதற்குள்ளேயே போட்டார்.

"தம்பி, இனி நீர் சமைக்க வேண்டாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. வகுப்பில் பாடம் சொல்வது போலவே சொன்னார்.

அன்ரன் மற்றவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நீயும் சாப்பிடேல்லையோ?"

எனக்கு நல்ல பசி. "வயித்துக்குள்ளை சரியில்லை" என்றேன்.

ஞாயிறு காலை நான் எழும்பியபோது பக்கத்து மெத்தை சுவரோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் தலை வைத்துப் படுத்த தலையணையை நான் எழும்ப முன்பே யாரோ வெளியே எறிந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அவன் பட்டறைக்கும் வரவில்லை. வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இத்ரீஸிடம் சொன்னேன். பொய் எனக்கு அப்போது நன்றாகப் பழகிவிட்டது. இரண்டு நாள் கழித்து நான் உள்ளே நுழைந்தபோது அன்ரனின் குத்தூசி மேசையில் இல்லை. காலையில் வந்து விடைபெற்றுப் போனதாகத் துணிக்கடைக்காரர் சொன்னார். இத்ரீஸ் கேட்டதற்கு நடந்ததையும் சொல்லியிருக்கிறான். என் பெயரைச் சொன்னானோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இத்ரீஸ் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உங்கள் நாட்டில் எல்லோரும் வெறுங்காலோடா நடக்கிறீர்கள்?"

அவர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவுமில்லை. தினமும் கொடுக்கும் புதினா தேநீர் மட்டும் என் பக்கம் வருவது நின்றுபோனது. ஒரு மாதம் பஞ்சு அடைத்துவிட்டு, நானாகவே நின்றுவிட்டேன்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடி மாடிக் கட்டடம். எங்கள் வீட்டையும் இடித்துவிட்டார்கள். சிவம் அண்ணையின் செத்தவீட்டில் அவருடைய பெருந்தன்மையைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். அதில் நானும் ஒருவன்.

அன்ரனை ஒரேயொரு முறை கண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், மோர்னிங்சைடில், ஒரு பனிக்கால மத்தியானம். பஸ் தரிப்பில் நின்றான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். கையைப் பிடித்தபடி நாலு வயதுப் பிள்ளை ஒன்று. கிட்டப் போய், "அன்ரன், என்னைத் தெரியுதோ?" என்றேன்.

அவன் அவசரமே இல்லாமல் என் முகத்தை முழுவதுமாகப் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னான்.

"மன்னிக்கவும் சேர். எனக்குத் தமிழ் தெரியாது."