நாகலெட்சுமி எழுதிக் கொடுத்த கொழும்பு

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தாலும் முதலில் மூன்றாம் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவுக்குத்தான் வருவார்கள். அங்கே நாகலெட்சுமி இருக்கிறாள். கொழுந்தெடுக்கிறவள், வயது ஐம்பத்தொன்று. பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரியில் கிளினிக் உள்ளவர்கள், வெளிநாடு போகும் பிள்ளையை ஏற்றிவிடப் போகிறவர்கள் எல்லாருக்கும் அவள் சொல்வதுதான் வழி. பதினான்கு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் இருந்தவள். அந்த ஒன்பது வருஷத்தில் கையில் பெரிதாக ஒன்றும் தங்கவில்லை. கொழும்பு மட்டும் தங்கியது.

வாயால் சொல்லி அனுப்புவதெல்லாம் அவளுக்கு ஆகாது. கொப்பித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுப்பாள். அதில் பஸ் நம்பர் மட்டும் இருந்துவிட்டால் அது நாகலெட்சுமி எழுதியதே இல்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும், புறக்கோட்டையில் யார் கையைப் பிடித்து இழுத்தாலும் எந்தக் கடைக்குள் போகக் கூடாது, ஒன்றுக்கு வந்தால் எங்கே கேட்கலாம், எந்தக் கடையில் இடியாப்பம் நல்லது, அதே கடையில் மீன் குழம்பை ஏன் தொடக் கூடாது, எல்லாம் எழுதுவாள். வெயிலில் அலைந்த சூட்டோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்று அடியில் ஒரு வரியும் இருக்கும். கொழும்பை விட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, அதனால் என்ன? போய்வந்த ஒருவரையும் சும்மா விடமாட்டாள். அந்தக் கடை இருக்கிறதா, அந்த மரத்தை வெட்டிவிட்டார்களா என்று துருவித் துருவிக் கேட்டுத் தன் கொழும்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்னவளின் புருஷன் பழனியாண்டி கண்டியைத் தாண்டியதில்லை. தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலை ஆலையில் முப்பத்துமூன்று வருஷம் வேலை செய்தவர். அவர் தூக்கிவிட்ட தேயிலை மூட்டைகள் வாரம் தவறாமல் லொறியேறிக் கொழும்புக்குப் போயின, அவர் மட்டும் போகவில்லை. போன மாசியில் ஓய்வு பெற்றார். நாலு நாள் சும்மா இருந்து பார்த்துவிட்டு, "ஒரு தடவ கொழும்ப சுத்திப் பாக்கணும் நாகு" என்றார். காதில் விழாதது போல் இருந்தாள். மறுபடியும் சொன்னார்.

கொழும்பில்தான் அவர்கள் மகள் சுலக்ஷனா இருந்தாள். ஒரே பிள்ளை. அப்பனும் மகளும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

உயர்தரப் பரீட்சை நன்றாகப் பாஸ் பண்ணிய பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்து நிற்பாள் என்று பழனியாண்டி கனவு கண்டுகொண்டிருந்தார். அவளோ, கூடப் படித்த பிரியந்தியோடு சேர்ந்து வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போகிறேன் என்று வந்து நின்றாள். வார்த்தை வளர்ந்தது. எச்சித் தட்டு கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று அப்பன் கத்தினார். அம்மாவும் கொழும்பில் அதைத்தானே கழுவியது என்றாள் மகள். பழனியாண்டி யோசிக்கவே இல்லை. "அதனாலதான் சொல்றேன்" என்றார்.

நாகலெட்சுமி அப்போது அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் பாட்டுக்குப் பிசைந்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவளைத் தைத்துவிட்டது. ஒன்பது வருஷம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை காலம் அதை ஒரு குறையாக மனசில் வைத்திருந்தாரா இந்த மனுஷன்? கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்றுவிட்டால்? மறுநாள் மகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வார்த்தை.

தோட்டத்தில் போன் ஒழுங்காக எடுக்கிற இடம் ஆறாம் நம்பர் மலைப் பாறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாகலெட்சுமி அதில் ஏறி மகளோடு பேசுவாள். புருஷனுக்குத் தெரியாது என்று எண்ணம். எங்கே போகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மழைக் காலத்தில் மட்டும், "பாறை வழுக்கும், பாத்துப் போ" என்று சொல்லிக் குடையை எடுத்து நீட்டுவார். இவளும் அதற்கு அர்த்தம் பார்க்காமல் குடையை வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரர்கள்!

ஆக, பழனியாண்டி இரண்டாம் தடவை கொழும்பு என்றதும் நாகலெட்சுமி கொப்பியையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். விடியப் புறப்படுகிற பஸ்ஸில் புறக்கோட்டைக்கு. இறங்கி, தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு, கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் நடை. அப்புறம் காலி முகத்திடல், கடல் பார்க்க ஒரு மணி நேரம், தண்ணீரில் இறங்கக் கூடாது. அங்கிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை. பன்னிரண்டரைக்கு, சந்தியில் இறங்கி மேலே ஏறிப் போனால் இன்ன கடை, அங்கே பகல் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு கோயில், மிருகக்காட்சிசாலை, ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். பார்த்தால் ஊர் சுற்றுகிறவனுக்கு எழுதிய வழி. உண்மையில் அந்தத் தாள் முழுவதும் அந்தப் பகல் சாப்பாட்டுக்காகத்தான். அது மகளின் கடை.

கூடப் போனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று அவரைத் தனியாகவே அனுப்பினாள். மகளிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இவர் கடைக்குள் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டால் அது உடைந்துபோகும். அப்புறம் இந்த மனுஷனை இன்னொரு தடவை கொழும்புக்குக் கிளப்ப எந்தச் சாமியாலும் முடியாது. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று காலை பத்து மணிக்கே நாகலெட்சுமி பாறையில் ஏறிவிட்டாள். விறகுக்குப் போன பக்கத்துக் காம்பரா வீரய்யா, "என்னக்கா, பாறைக்கே குடி வந்துட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனான். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முந்திப் போன் அடித்தது. புருஷன்.

"என்னத்த எழுதியிருக்க நாகு? சந்தியில எறங்கி மேல ஏறிப் போங்கன்னு போட்டிருக்க. இங்க எங்க மேல? எல்லாம் ஸ்டோர் தரையாட்டம் சமமா கெடக்கு."

நாகலெட்சுமிக்கு இப்போதுதான் புரிந்தது. மலையில் வழி சொல்வதென்றால் மேலே, கீழே, அவ்வளவுதான். கோயில் மேலே, ஸ்டோர் கீழே, பள்ளிக்கூடம் அதற்கும் கீழே. பதினான்கு வயதில் கொழும்புக்குப் போன பிள்ளை, அங்கேயும் கடல் பக்கத்தைக் கீழே என்றும் மறுபக்கத்தை மேலே என்றும் மனசுக்குள் ஒரு மலையைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்தும் வருகிறாள். ஒருத்தராவது வந்து, கொழும்பில் மேடு இல்லையே என்று சொல்லியிருக்கலாம். மேட்டைக் கண்டுபிடிக்காதது தங்கள் குற்றம் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

கடல் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அது கீழே, அதற்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்குப் பாதியில் உறைத்தது. மணி இன்னும் பதினொன்றாகவில்லை. இவர் இப்போது காலி முகத்திடலில் அல்லவா நிற்க வேண்டும்?

"கடலப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கோட்டை?"

"ஒன்னும் பாக்கல. எறங்குன ஒடனே நேரா இங்கதான் வந்தேன்."

நாகலெட்சுமி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். அவரே சொன்னார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே என்று எழுதுகிறவள், அந்த ஒரு கடைக்கு மட்டும், அங்கே என்ன கொடுத்தாலும் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாளாம். தாளைக் கையில் வாங்கிப் படித்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டதாம். அடேயப்பா, என்ன மனுஷன்! புரிந்துகொண்டுதான் இரண்டு நாளாக ஒன்றும் தெரியாத முகத்தோடு சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாரா?

போனைக் காதில் வைத்தபடியே நடந்தார். ஹாரன் சத்தம், பஸ் சத்தம், சிங்களத்தில் யாரோ கூவி விற்கிற சத்தம் எல்லாம் பாறைக்குக் கேட்டது. பிறகு நடை நின்றது.

"இந்தா இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அவ இருக்காளா?"

"இருக்கா. மெலிஞ்சு போயிட்டா. மேசை தொடைக்கிறா." நடுவில் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. "சிரிச்சுக்கிட்டே தொடைக்கிறா நாகு. நம்ம வீட்டுல அவ இப்படிச் சிரிச்சு நா பாத்ததில்ல. நா போயி நின்னா அந்தச் சிரிப்பு போயிருமேன்னு இருக்கு."

"ரோட்டக் கடங்க" என்றாள் நாகலெட்சுமி.

"முடியல."

"ரெண்டு பக்கமும் பாத்து, மெதுவா கடங்க."

"அன்னைக்கு நா சொன்ன வார்த்த அவளுக்கு மட்டுமா விழுந்துச்சு? ஒனக்குந்தான் விழுந்துச்சு. மாவுல இருந்து நீ தலைய நிமித்தல, நா பாத்தேன். ஒங்கிட்டயே நா இன்னும் மன்னிப்புக் கேக்கல. என்ன மொகத்த வச்சுக்கிட்டு அவகிட்டப் போவேன்?"

அவர் பார்த்திருக்கிறார். மூன்று வருஷமாக அவள் தனியாகச் சுமந்ததாக நினைத்ததை அவரும்தான் சுமந்திருக்கிறார். நாகலெட்சுமிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். இது அதற்கு நேரமில்லை.

"எங்கிட்ட கேட்டாச்சுன்னு வச்சுக்குங்க. நா மன்னிச்சும் ஆச்சு. இப்ப ரோட்டக் கடங்க."

போன் நின்றுவிட்டது. திருப்பி எடுத்தாள், போகவில்லை. மறுபடி எடுத்தாள், சிங்களத்தில் ஒரு பொம்பளைக் குரல் ஏதோ சொன்னது.

விரல் மகளின் நம்பருக்குப் போனது. ஒரு வார்த்தை போதும், வெளியே வந்து எதிர்ப்பக்கம் பார் என்று. மகள் ஓடி வந்து அப்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள், காரியம் முடிந்துவிடும். ஆனால் பிள்ளை இழுத்துப் போனால் அது அவர் போனதாக ஆகுமா? அந்த ரோட்டை அந்த மனுஷன் தன் காலாலேயே கடக்க வேண்டும். நாகலெட்சுமி போனை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

பனிமூட்டம் இறங்கி வந்து கீழே லயங்களை மூடியது. மணி பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. தூறல் விழுந்தது, குடை கொண்டு வரவில்லை, நனைந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறியிருப்பார் என்று ஒரு மனசு சொன்னது. அப்படியெல்லாம் இருக்காது என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டு மனசையும் திட்டினாள். ஒன்பது வருஷம் நடந்து தேய்த்த ரோடு அது. அதைக் கடக்க எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியும். அந்த நாலு எட்டுக்கு இந்த மனுஷனுக்கு இவ்வளவு நேரமா?

ஒரு மணிக்குக் கொஞ்சம் முந்திப் போன் அடித்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். மகளின் நம்பர். நாலு மணிக்குப் பேசுகிற பிள்ளை இப்போது ஏன் எடுக்கிறது? ரோட்டில் அவருக்கு ஏதும் ஆகிவிட்டதா?

"சொல்லும்மா" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நாந்தான்" என்றார் பழனியாண்டி. "எம் போன்ல சார்ஜ் போயிருச்சு. இது புள்ள போனு."

யார் முதலில் பேசியது, என்ன சொன்னீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று நூறு கேள்வி இருந்தது. கடைசியில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டாள்.

"அவளும் அதத்தான் கேட்டா. வாசல்ல நா போயி நின்னேன். திட்டுவான்னு பாத்தேன். சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டா. வேற ஒரு வார்த்த கேக்கல." பக்கத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "இன்னைக்கு நா வரல நாகு. நாளைக்கு வர்றேன். சாயந்தரம் கடல் காட்டுறேங்குறா."

நாகலெட்சுமி அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, வாயைப் பொத்திக்கொண்டு, நனைந்த பாறையில் நின்று நன்றாக அழுதாள். அது அவருக்குக் கேட்டிருக்காது. போனைப் பிடித்தபடியே அவர் மகள் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். காலி முகத்திடலுக்கு ஆட்டோவில் போகலாம் என்றாள் மகள். பஸ் இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்றார் அப்பன். கூட்டத்தில் இடிபடவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றாள் மகள். ஒங்கம்மா நூறாம் நம்பர் பஸ்ஸுன்னுதான் எழுதியிருக்கு என்றார் அப்பன். அம்மாவுக்கு இப்ப என்ன தெரியும், அதெல்லாம் பழைய கொழும்பு என்றாள் மகள்.

போனில் அவள் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நாகலெட்சுமி சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.