சுருங்காத வட்டம்

கம்ப்யூட்டரில் வேலை என்றால் ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “டைப் அடிக்கிறியாமா?” தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். விளக்கினால் இன்னும் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பாலை. அதன் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். உருகிய இரும்பு அச்சுக்குள் எப்படிப் பாய்ந்து நிறைகிறது என்று திரையில் காட்டும் புரோகிராம் எழுத வேண்டும். கல்லூரித் தோழியும் நானுமாகத்தான் தொடங்கினோம். அவள் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். அதன்பின் அந்த அறையில் பேச்சே இல்லை. பிழை வந்தால் சேர்ந்து திட்டக்கூட ஆளில்லை.

பிழை ஒன்றேதான், அவள் இருந்த காலத்திலிருந்தே. இரும்பின் விளிம்பை நாங்கள் கோடாக வைத்திருக்கவில்லை. திரை முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் விளிம்பு எவ்வளவு தூரம் என்று ஓர் எண் வைத்தோம். உள்ளே மைனஸ், வெளியே பிளஸ், பூஜ்யம் வருமிடம் விளிம்பு. இரும்பு நகர நகர அந்தத் தூரங்கள் கெட்டுப்போகும். அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும் போதெல்லாம் விளிம்பே மயிரிழை உள்ளே தள்ளிப்போனது. ஓடவிட்டால் இரும்பு குறைந்துகொண்டே வரும்.

“இன்னாமா, ஊத்துன இரும்பு எங்க போச்சு? உன் மிஷினு துன்னுடுச்சா?” என்பார் முதலாளி.

அவள் போன பிறகும் விடாமல் அதையே நோண்டினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் பிடிபட்டது. விளிம்பை ஒட்டிய புள்ளிகள், விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கத்து எண்ணைக் கேட்டுத் தம் தூரத்தை மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றை மட்டும் சரிசெய்வதற்கு முன்பிருந்த எண்ணிலிருந்தே கணக்கிடச் செய்தேன். விளிம்பு நின்றது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கீழே கிரைண்டிங் மிஷின் கத்திக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று முதலாளிக்குக் காட்டினேன். சூடம் காட்டிவிட்டால் அன்றைக்கு எந்த மிஷினையும் தொடக் கூடாது. அதற்குள் முடித்தாக வேண்டும். திரையில் வட்டமாக ஓர் இரும்புத் துளி. கம்ப்யூட்டருக்கு வைக்கக் கொடுத்த சந்தனத்தைத் தீக்குச்சியில் தொட்டு, கண்ணாடிமேல் துளியின் ஓரத்தை வரைந்தேன். துளி திரையை ஒரு முழுச் சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரும்படி ஓடவிட்டேன். முன்பெல்லாம் சூம்பிப்போய்த் திரும்பும். இப்போது சந்தனக் கோட்டுக்குள் அப்படியே பொருந்தியது.

முதலாளி உற்றுப் பார்த்தார். “பொறப்பட்ட எடத்துலயே வந்து நிக்குது. ஒண்ணுமே ஆவலியே. இதுக்கா இத்தினி நாளு?”

ஒன்றும் ஆகாததுதான் விஷயம் என்று எப்படிச் சொல்வது? கோபமாக வந்தது. அதற்குள் பூஜை மணி அடித்துவிட்டார்கள்.

பரவாயில்லை, பெங்களூரில் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு மட்டும் ஒரு வரியில் புரியும். ஆவடியில் ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே எஸ்டிடி பூத்துக்குப் போனேன். பொரிப் பொட்டலம் கையிலேயே இருந்தது. அவள்தான் எடுத்தாள்.

“ஏய், வட்டம் சுருங்கலடி!”

“எந்த வட்டம்?”

சொன்னேன். பின்னால் குழந்தை அழுதது. “ஓ, அதுவா! இன்னும் அதையா பண்ணிட்டிருக்க? பேசாம பேங்க் சாஃப்ட்வேர் பக்கம் வந்துடுடி” என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள்.

அந்தத் துளியைத் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான் என்று அப்போது புரிந்தது. குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்டேன். அதைப் பற்றி அவள் நிறையப் பேசினாள்.