மிலூதா கேட்ட ஜன்னல்

பிரெஞ்சு என்ஜினீயர் நல்ல மனுஷர்தான், அதை மறுக்க முடியாது. தகரக் குடிசையில் வெந்து கிடந்த ஜனங்களுக்கு மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஒரு சொர்க்கம் கட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். மாடி மாடியாக வீடு. வீட்டுக்கு வீடு, அந்தரத்தில் வானம் பார்த்த முற்றம். அந்த ஊர் ஜனங்களின் முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும், அடுத்தவன் கண்ணுக்கு மூடியிருக்கும். அவர் இரண்டையும் திறந்துவிட்டார். குடியிருக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவன் புஷைப். அவனுக்கும் அங்கே ஒரு வீடு கிடைத்தது. அவன் மனைவி மிலூதா முற்றத்தில் எண்ணெய் டின்னில் புதினா வைத்தாள். வேலை முடிந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் வந்தவன் எதிர்வீட்டு அல்லால். "கொத்தனாரே, என் பொண்டாட்டி மாவு பிசையறத ஊரே வேடிக்கை பாக்குது. ஒரு சுவர் வெச்சுக் குடுங்க."

புஷைப் சுவர் வைத்தான், மேலே கூரையும் போட்டான். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எதிர்வரிசை முழுக்க அவன் கையாலேயே மூடியாயிற்று.

தேநீர்க் கடையில் அல்லால் சிரித்தான். "ஊருக்கெல்லாம் சுவர் வெக்கிறீங்க. உங்க வீடு மட்டும் சந்தைக்கடையா?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புஷைப் தன் வீட்டை மூடக் கிளம்பினான்.

"ஏங்க, ஒரு சின்ன ஜன்னலாவது விடுங்க" என்றாள் மிலூதா.

"ஓட்டை விட்டா அப்புறம் சுவர் எதுக்குடி?"

சுவர் எழுந்ததும் அவள் புதினாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். வானம் பார்க்க அவளும் படியேறினாள். வயதாகி முழங்கால் விட்டுப்போனபின் படுக்கையே கதி. காலையில் கண் விழித்ததும், "வெளிய வெயிலா, மழையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி புஷைப்பை அறுத்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சுத்தியலை எடுத்துச் சுவரை உடைத்தான்.

தூசி அடங்கியது. எதிரே ஒரு ஜன்னலும் இல்லை, ஒரு கண்ணும் இல்லை. வரிசையாக அவன் வைத்த சுவர்கள்.

"எதிர்ல இப்ப யாருங்க இருக்காங்க?" என்றாள் மிலூதா, கட்டிலில் படுத்தபடி.

"யாருமில்ல. சுவர்தான்."

"எப்ப வெச்சது, நீங்களே சொல்லுங்க."

"நம்ம சுவருக்கு முன்னாடியே."

"அப்ப யாரு பாத்துடுவாங்கன்னு என்னை அடைச்சீங்க?"

புஷைப் மிச்சச் சுவரையும் வெறிபிடித்தவன் போல இடித்தான். கட்டில்வரை வெயில் வந்தது. கண் கூசுகிறது என்று மிலூதா முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.