நிமிஷத்துக்குத் தொண்ணூற்றிரண்டு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னச் சபையில் ஏசுபாதம் இருபத்திரண்டு வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறார். வாசிக்கிறேன் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார். பாட்டுக் குழுவில் மற்றவர்கள், "அண்ணன் ஓடுறாரு" என்பார்கள். பாட்டு அதன்பாட்டுக்கு நடந்து வருமாம். டிரம்ஸ் முன்னால் ஓடிப்போய் நின்று, இன்னும் வரவில்லையா என்று திரும்பிப் பார்க்குமாம்.

அறுபத்தொரு வயது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மூக்குக்கு மேல் கோபம். தண்ணீர் லாரிக்காரர், கேபிள்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யாரையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வெளியே வரும்போது பாருங்கள், பச்சைக் குழந்தை. அந்தச் சாந்தம் புதன்கிழமை வரை தாங்கும். வியாழக்கிழமை சூடு ஏறும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் இறங்கும்.

கொரோனா சமயத்தில் சபை மூடிக் கிடந்த மாதங்களில், தெருவில் அவரோடு சண்டை போடாத வீடு மூன்றே மூன்று. அதில் இரண்டு பூட்டிக் கிடந்தவை. அந்த மாதங்களை அவர் மனைவி ஜோசலின் இன்னும் மறக்கவில்லை. பாட்டுக் குழுவில் முதல் குரல் ஜோசலினுடையது. அவர் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

போன நவம்பரில் பாட்டுக் குழுவின் புதுச் செயலாளர் பிரசன்னா வந்து நின்றார். மேடவாக்கத்தில் வீடு, ஓஎம்ஆரில் ஐடி வேலை, கையில் எப்போதும் போன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. தாளம் ஒரே டெம்போவுல, ஒரே வேகத்துல நிக்கவே மாட்டேங்குது. இந்தக் கிறிஸ்மஸுக்கு கீபோர்டுலயே ரிதம் போட்டுக்கலாம்னு கமிட்டில பேசுறாங்க."

"அப்ப நான் இன்னா பண்றது? காணிக்கைப் பை புடிக்கவா?"

"ஒரு மாசம் டைம் இருக்குண்ணா. டிசம்பர் செகண்ட் சண்டே பாஸ்டர் கேட்டுட்டு முடிவு சொல்றேன்னாரு. அதுவரைக்கும் இதைப் போட்டு பிராக்டிஸ் பண்ணுங்க."

ஏசுபாதத்தின் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நிமிஷத்துக்கு இத்தனை என்று எண்ணைப் போட்டால் அது டக் டக் என்று தாளம் காட்டும்; பிரசன்னா போட்டுவைத்தது தொண்ணூற்றிரண்டு. நாம் அடிப்பதையும் கேட்கும். சரியாக விழுந்தால் திரையில் பச்சை, முந்தினாலும் பிந்தினாலும் சிவப்பு.

மறுநாள் காலையில் ஏசுபாதம் பழைய ஸ்கூட்டர் சீட்டை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் திரை முழுக்கச் சிவப்பு. போனை முறைத்தார். அது கவலையே படாமல் டக் டக் என்றது. அவர் முறைப்புக்கு அசையாத முதல் ஆளை அன்றுதான் பார்த்தார்.

ரோஷம் வந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் சீட்டை வெளுத்தார். இரண்டாவது வாரம் அங்கங்கே பச்சை தெரிந்தது. தோள்பட்டையில் பல வருஷமாகக் குடியிருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தது. ஒரு நாள் தண்ணீர் லாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டிரைவர் பயந்துபோய் கேட்டைத் தட்டி, "இன்னாக்கா, சார் ஊர்ல இல்லியா?" என்று கேட்டார்.

நான்காவது வாரம் திரை ஒரே பச்சை. அந்த வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு போனார். வாசித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஆப்போடு அச்சுப் பிசகாமல்தான் போகிறார். பின்தங்குவது பாட்டு. அதுவும் எங்கே? மேலே ஏறும் அடியில் ஜோசலின் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுக்கிறார். கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து இழுக்கிறது. இருபத்திரண்டு வருஷப் பழி ஏசுபாதத்தின் தலையில், இழுத்தது சொந்தப் பெண்டாட்டி!

கையில் ஆதாரம் இருக்கிறது. கமிட்டியில் காட்டினால் நாற்காலி நிலைக்கும். ஆனால் வீட்டில் சோறு நிலைக்காது. சனிக்கிழமை முழுக்க யோசித்தவருக்கு, ஆப்பில் வைப்ரேஷன் என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. சத்தம் வராது, தாளத்துக்குத் தாளம் போன் மட்டும் அதிரும்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் போனை நீட்டினார்.

"பேண்ட் பாக்கெட்ல வச்சா கால்ல பெடல் அடிக்க சொல்லோ குத்துது. நீ இடுப்புல சொருகிக்கோ."

ஜோசலின் வாங்கிச் செருகிக்கொண்டார். அன்று மேலே ஏறும் அடியில் இழுப்பு இல்லை. கண்ணை மூடினார், உடனே திறந்தார், தாளத்தோடு இறங்கினார். கூட்டமும் இறங்கியது. பாஸ்டர் முகத்தில் சிரிப்பு.

"இன்னைக்குத்தான் பாட்டும் டிரம்ஸும் கை கோத்துப் போச்சு. மெஷின் எல்லாம் எதுக்கு? பிரதரே வாசிக்கட்டும்."

"ஆப் ஒர்க் ஆகுது பாத்தீங்களாண்ணா!" என்றார் பிரசன்னா.

"ஆவுது, ஆவுது," என்றார் ஏசுபாதம், மனைவி பக்கம் திரும்பாமல்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. பின்னால் இருந்த ஜோசலின் போனை நீட்டினார்.

"பாட்டு முழுக்க யாரோ போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க."

"எவனாவது லோன் குடுக்கறவனா இருப்பான்."

"நிமிஷத்துக்குத் தொண்ணூத்திரண்டு தடவையா?"

ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே ஆடியது. ஏசுபாதம் ஒரு காலை நன்றாக ஊன்றிக்கொண்டார்.

"ஒரு மாசமா வீட்டுக்குள்ள சீட்டை அடிக்கிறீங்க, எனக்குத் தெரியாதா? நான்தான் இழுக்கிறேன்னு முதல் பாட்டுலயே புரிஞ்சு போச்சு. வந்த கோவத்துக்குப் போனை அங்கயே தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் வச்சிக்கினு இருந்தே?"

"டிரம்ஸ் போயிட்டா நீங்க ஏழு நாளும் வீட்லதான இருப்பீங்க? அந்தக் கொரோனா வருஷம் ஒண்ணே எனக்கு ஆயுசுக்கும் போதும்." முந்தானையை இழுத்துச் செருகினார். "அங்க உக்காந்தாத்தாங்க நீங்க நல்லா இருக்கீங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு."

ஏசுபாதம் பாதி திரும்பினார். ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் ஜோசலின். "கடைசி சரணத்துல நான் போனோடதான் போனேன். நீங்க ஓடிட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் கேம்ப் ரோடே அதிர்ந்திருக்கும். பச்சை சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏசுபாதம் வண்டியை எடுத்தார்.

"எவ்ளோ ஓடுனேன்?"

"ரெண்டு அடி. நாளைக்குக் காலைல எனக்கும் ஒரு ஸ்டூல் போடுங்க."

மறுநாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு எதிரே இன்னொரு ஸ்டூல் போட்டாயிற்று. ஜோசலின் தொண்டையைச் செருமி, முந்தானையைச் சரிசெய்து, போனைப் பார்த்துக் கைதட்டிப் பாடத் தொடங்கினார். திரை முழுக்கச் சிவப்பு. பாட்டை நிறுத்திவிட்டுப் போனை முறைத்தார். அது டக் டக் என்றது. ஏசுபாதம் மத்தியானச் சோற்றை நினைத்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தார்.