மண் தெரியாத குஞ்சுகள்

எண்பதுகளில் ரவாங் பக்கம் ஒரு பறவைப் பண்ணையில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். காட்டில் அருகிவரும், மலாய் மொழியில் மெராக் போங்சு எனப்படும் பறவையைக் கூண்டில் பெருக்குவதுதான் எங்கள் வேலை. இறகெல்லாம் மயில்கண் புள்ளி, தரையைக் கிளறித் தின்னும் கோழி இனம். ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அதனால் ஒவ்வொரு குஞ்சும் எங்களுக்குத் தங்கம்.

இன்குபேட்டரில் பொரித்தவற்றைக் கம்பிவலைத் தரையில், தூசு படாமல் வளர்த்தோம். கொழுகொழுவென்று இருந்தன. வளர்ந்ததும் வெளிக்கூண்டில் மண்ணில் விட்டோம். இறகு சிலிர்த்து, இரத்தமாகக் கழிந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. மண்ணிலிருந்த காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிதான் காரணம்.

மேனேஜர் முத்தையா என்னிடம் கொதித்தார். "மணியம், மண்ணை வழிச்சிட்டு சிமெண்ட் போட்ருவோம் லா!"

புதிதாக வந்திருந்த கால்நடை மருத்துவர் தேவி, பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரர், சிரித்துவிட்டார். "காட்டுக்கும் சிமெண்ட் போடுவீங்களா, அங்கிள்?"

காட்டுப் பறவைகள் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க நானும் அவரும் காட்டுக்குப் போனோம். வலையில் ஒன்று சிக்கியது. நான் பிடித்துக்கொள்ள, அவர் இரத்தம் எடுக்கும்போது அது அவர் சட்டை முழுக்கக் கழிந்துவிட்டுப் பறந்தது.

"துடைக்காதே மணியம், சாம்பிள் வந்தாச்சு!" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதிலும் காக்சிடியா. பறவையோ திடமாக இருந்தது.

"காட்டுக் குஞ்சு பொரிஞ்சதிலேர்ந்து மண்ணைக் கொத்துது. கிருமி கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போகுது, உடம்பு பழகிக்குது. நம்ம குஞ்சு பெருசானப்புறம் மொத்தமா வாங்குது. தாங்குமா?" என்றார் டாக்டர்.

அடுத்துப் பொரித்தவை இரண்டே குஞ்சுகள். டாக்டர் ஒரு தட்டில், முட்டைக்காகக் காட்டிலிருந்து பிடித்து வந்த பெரிய பறவைகளின் கூண்டு மண்ணைக் கொஞ்சம் அள்ளிக் குஞ்சுகளின் கூண்டுக்குள் வைத்தார்.

"செத்தா யாரு பதில் சொல்றது?" என்றார் மேனேஜர்.

"நான்தான்."

சில நாளில் குஞ்சுகள் சுருண்டன. தீனி தொடவில்லை. டாக்டர் வீட்டுக்கே போகாமல் பக்கத்தில் கிடந்தார். ஒரு காலை கதவைத் திறந்தால் இரண்டும் ஒரே கரையானுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன! பிறகு வெளிக்கூண்டில் விட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

"பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் நேந்துக்கிட்டேன், அதான்" என்றார் மேனேஜர்.

"ரெண்டும் சேர்ந்துதான் அங்கிள்" என்றார் டாக்டர். அந்தத் தைப்பூசத்தில் மூவருமாகவே போனோம்.

சுத்தமாக வளர்ப்பது வேறு, தாங்கும்படி வளர்ப்பது வேறு. இதை எனக்கு விளங்க வைத்தவை உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த இரண்டு குஞ்சுகள்தான்.